மீனைத் தவிர எல்லாவற்றுக்கும் ஆள் உள்ள வாவி

இந்த ஆய்வுக்குரிய வாவி கொழும்பின் புறநகரில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் வந்துவிடும் இடத்தில் இருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அலுவலகம் தெரிந்துவிடும். அலுவலகம் தெரிந்தால், முடிவெடுத்த பெரியவர்கள் தப்பிவிடுவார்கள், வாசலில் விசிலோடு நிற்கும் காவலாளியின் தலையில்தான் விடியும். பெயர் இல்லாததால் வாசகருக்கு நட்டமும் இல்லை. கல் பதித்த நடைபாதை, சிமெந்து ஆசனம், அன்னப்பறவை வடிவில் மிதிபடகு, ‘மீன் பிடிப்பது தடை’ என்ற பலகை: தலைநகரைச் சுற்றிப் பல நீர்நிலைகளுக்கு இப்போது இதே முகம்தான்.

நான் அங்கே தூண்டில் போடுகிறவன். பிழைப்புக்கு அல்ல, வேலை முடிந்த பிறகு மனம் ஆறுவதற்கு. ஆகவே இதை நடுநிலையான ஆய்வு என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் கோபத்தை மட்டும் எழுதினால் அது முறைப்பாட்டுக் கடிதமாகிவிடும். வாவிக்குள் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை முடிந்தவரை பிரித்துப் பார்க்கிறேன்.

வாவி எதற்காக இருக்கிறது

கொழும்பின் நீர்நிலைகளை யாரும் மீனுக்காக வைத்திருக்கவில்லை. நகரின் நடுவில் உள்ள பேரை வாவி போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டையின் பாதுகாப்புக்காக உருவானது. ஒரு காலத்தில் இன்றையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பரந்திருந்து, நிரப்பி நிரப்பி இன்று ஏறத்தாழ 65 ஹெக்டயராகச் சுருங்கியிருக்கிறது. தியவன்னா ஓயாவைச் சுற்றிய சதுப்பைத் தோண்டித்தான் 1982இல் திறந்த நாடாளுமன்றத்துக்கு நீர் சூழ்ந்த இடம் அமைத்தார்கள். 2010 நவம்பர் மழையில் அந்த நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அதற்குப் பிறகு கொழும்பின் கால்வாய்கள், வாவிகள் மேல் பணமும் கவனமும் கூடின. உலக வங்கிக் கடனோடு பெருநகரத் திட்டம் வந்தது. கால்வாய்களைத் துப்புரவாக்கினார்கள், கரைகளைக் கட்டினார்கள், நடைபாதை போட்டார்கள். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச சாசனத்தின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று.

இதில் எனக்கு மனக்குறை கிடையாது. வாவி மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால் வெள்ளவத்தையிலும் கிருலப்பனையிலும் கால்வாய் ஓரத்து வீடுகளுக்குள் தண்ணீர் வரும். மீனைவிட வீடு பெரிது. ஆனால் வெள்ளத்துக்காக எடுக்கும் ஒவ்வொரு முடிவும் மீனையும் தொடுகிறது, அதை எண்ணிப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை. பெருமழைக்கு முன் வான்கதவைத் திறந்து நீர்மட்டத்தை இறக்குகிறார்கள். கரையோர ஆழமில்லாத நீரில் திலாப்பியா ஆண்மீன் வட்டமாகக் குழி தோண்டித்தான் இணைசேரும். மட்டம் திடீரென்று இறங்கினால் அந்தக் குழிகள் வெயிலில் காய்கின்றன. ஆகாயத்தாமரையையும் சல்வீனியாவையும் அள்ளும் இயந்திரம் வேரோடு ஒட்டியிருக்கும் குஞ்சுகளையும் சேர்த்து அள்ளிக் கரையில் கொட்டுகிறது. செடியை அள்ளத்தான் வேண்டும். ஒரே நாளில் முழுக் கரையையும் மழிக்காமல் பகுதி பகுதியாக அள்ளினால் மீன் ஒதுங்க இடம் இருக்கும். அதனால் செலவு அதிகமாகாது. சொல்வதற்கு ஒருவர் இருந்தால் போதும்.

வறண்ட வலயத்துக் குளங்களில் நிலைமை வேறு. பராக்கிரம சமுத்திரத்திலோ உடவளவையிலோ மீனை நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு, மீனவர் சங்கம் உண்டு. வலைக்கண் சிறிதானால் சண்டை பிடிக்க ஆள் உண்டு. கொழும்பு வாவியை நம்பி யாரும் அடுப்பெரிப்பதில்லை. அதனாலேயே அங்கே மீனுக்காகக் குரல் கொடுக்கச் சங்கமும் இல்லை.

பலகையும் விசிலும்

நடைபாதை திறந்த காலத்தோடு பலகையும் வந்தது. அதில் எந்தச் சட்டத்தின் கீழ் தடை என்று இல்லை. விதித்தது யார், மீறினால் என்ன தண்டனை, யாரிடம் விசாரிப்பது, ஒன்றும் இல்லை. தடையின் எல்லை காவலாளிக்குக் காவலாளி மாறும். ஒருவர் கைத்தூண்டில் பரவாயில்லை, ரீல் பூட்டிய தடி கூடாது என்பார். இன்னொருவர் பெரியவர்களைக் கண்டும் காணாமல் விட்டு, ஈர்க்கில் குச்சியில் நூல் கட்டிய பள்ளிப் பையன்களை விரட்டுவார். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் சரி என்பவரும் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கமும் அதே பலகைதான்.

சட்டத்தைப் பார்த்தால், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீர்வாழ் வளங்கள் சட்டம் உள்நாட்டு நீருக்கும் பொருந்தும். நஞ்சு, வெடி, மயக்கமருந்து கொண்டு மீன் பிடிப்பதை அது நேரடியாகவே தடுக்கிறது. எந்தத் தொழில்முறைக்கு அனுமதிப்பத்திரம் தேவை என்று வகுக்கவும், மூடு காலம் அறிவிக்கவும் அதில் இடமுண்டு. 1998இல் 53ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவானது. தொழிலாளர் ‘நக்டா’ என்று சொல்வது இதைத்தான். நீர்த்தேக்கங்களில் செவுள் வலையின் கண் இழுத்துப் பிடித்த நிலையில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது நெடுங்காலமாக உள்ள விதி. ஆக, விதி இல்லாத நாடு அல்ல இது. அந்த விதிகளில் ஒன்றுகூட எங்கள் பலகையில் இல்லை.

கொம்பனித்தெருவிலிருந்து வரும் ஒரு வயதான நானா, எங்களுக்குள் தூண்டில் கலையில் மூத்தவர், நிலைமையை இரண்டு வரியில் சொன்னார்: “தம்பி, வலக்காரன் ராவைக்கு வாறான், விசிலுக்காரன் பகலைக்கு வாறான். ரெண்டு பேரும் சந்திக்கிறதே இல்ல.”

உண்மை. பொழுது விடியும்போது கரைக் கம்பியில் சிக்கிய தங்கூசி (நைலான் இழை) வலைத் துண்டுகளைப் பார்த்திருக்கிறோம். கண் மூன்று விரலுக்குள் அடங்கும். ஒருமுறை அதில் நீர்க்காகம் ஒன்று மாட்டிச் செத்துக் கிடந்தது. காவலாளி அதை அப்புறப்படுத்திவிட்டு எங்கள் பக்கம் வந்து பலகையைக் காட்டினார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. தடியோடு நிற்பவன்தான் அவருடைய வேலை நேரத்தில் கண்ணில் படுகிறான்.

மீன்குஞ்சு விழா

இந்த ஆய்வின் மையம் இதுதான். ஒரு நற்பணி அமைப்பு ‘வாவிக்கு உயிரூட்டுவோம்’ என்ற தோரணையில் மீன்குஞ்சு விடும் விழா வைத்தது. பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, வெள்ளைச் சீருடையில் பாடசாலைப் பிள்ளைகள். ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளில் குஞ்சுகள். அமைப்பின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. நல்ல மனதோடு செய்தார்கள். செய்த விதத்தைப் பார்ப்போம்.

காலையில் வந்த பைகள் பிரதம அதிதிக்காக வெயிலில் காத்திருந்தன. அவர் வந்ததும் உரை. உரை முடிந்ததும் பைகளைக் கிழித்து உச்சி வெயிலில் அப்படியே நீருக்குள் கவிழ்த்தார்கள். குஞ்சு வளர்ப்பவர் எவரைக் கேட்டாலும் சொல்வார்: பையைத் திறக்காமல் நீரில் மிதக்கவிட்டு, உள்ளும் வெளியும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு, வாவித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, குஞ்சு தானாக நீந்திப் போக விட வேண்டும். நேரம் அதிகாலை அல்லது அந்தி. சூடு சட்டென்று மாறினால் குஞ்சு அதிர்ந்துபோய் மேலேயே தத்தளிக்கும். அன்று தத்தளித்தன. கொக்குகளுக்கு அழைப்பிதழ் கொடுக்காத குறைதான்.

அடுத்தது இனம். பைகளில் பெரும்பகுதி திலாப்பியா. திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன். பெண்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும், நம் வெப்பத்தில் வருடத்தில் பலமுறை இனம் பெருக்கும். ஏற்கெனவே திலாப்பியா நிறைந்த வாவிக்குள் திலாப்பியா குஞ்சு விடுவது காசைக் கரைப்பது. கட்லா, ரோகு என்ற கெண்டை இன மீன்கள் அப்படியல்ல. அவை முட்டையிடுவதற்கு ஓடும் ஆற்றுநீர் வேண்டும், தேங்கிய வாவியில் வளருமே தவிரப் பெருகாது. ஆகவே அவற்றைத்தான் வெளியிலிருந்து விட வேண்டும். அதுவும் விரால் உள்ள நீரில் விரல் நீளத்துக் குஞ்சு விட்டால் அது விராலுக்குப் போட்ட இரை. கொஞ்சம் வளர்த்து, தப்பி ஓடத் தெரிந்த அளவில் விட வேண்டும். குஞ்சின் விலை கூடும், எண்ணிக்கை குறையும். மேடையில் அறிவிக்கப் பெரிய எண் கிடைக்காது. அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம்விட எனக்குப் பொறுக்காதது, விழாவுக்குப் பிறகு ஒருவரும் திரும்பி வராததுதான். எத்தனை பிழைத்தன, எதுவரை வளர்ந்தன, யார் பிடித்தார்கள் என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. நம் தெருக்களில் சீட்டுப் பிடிக்கிற அக்கா கொப்பி எழுதாவிட்டால் ஒரு மாதம்கூட அவரை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். வாவிக்குள் பணத்தைக் கொட்டும் பெரிய மனிதர்களிடம் யாரும் கொப்பி கேட்பதில்லை.

செத்து மிதந்த மீன்

விழா நடந்த அதே வருடம், சில நாள் கடும் வெயிலுக்குப் பிறகு இரவில் ஒரு பெருமழை. காலையில் வாவியின் ஒரு மூலையில் மீன் செத்து வெள்ளையாக மிதந்தது. யாரோ நஞ்சு போட்டுவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. தூண்டில்காரர்கள்தான் என்று ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது.

செத்த மீனைப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைக்கும். மிதந்தவை கட்லாவும் திலாப்பியாவும். விரால் ஒன்றுகூட இல்லை, கெளுத்தியும் இல்லை. விராலுக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கத் தெரியும். எங்கள் வாவியில் உள்ள கெளுத்தி வகைக்கும் அப்படியே. கரைந்த ஒட்சிசனை மட்டும் நம்பியவை செத்து, காற்றைக் குடிப்பவை பிழைத்தால், சந்தேகம் முதலில் ஒட்சிசன் மேல்தான் போக வேண்டும். வெயில் நாட்களில் வடிகான்களில் தேங்கிய கழிவை முதல் மழை ஒரே அடியாக வாவிக்குள் தள்ளுகிறது. அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் ஒட்சிசனை இழுத்துக்கொள்கின்றன. நீரைப் பச்சையாக்கும் பாசியும் பகலில் ஒட்சிசன் தந்து இரவில் அதையே திரும்ப எடுக்கும். ஆகவே விடியலுக்குச் சற்று முன்தான் நீர் மிக மோசமாக இருக்கும். பேரை வாவியின் பச்சை நிறத்தைத் தெரியாத கொழும்புக்காரர் இல்லை. அந்தப் பாசியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை நச்சும் சுரக்கக்கூடியது.

இங்கே பலகையில் எழுத வேண்டிய ஒன்று விடுபட்டிருக்கிறது. இந்த வாவி மீனைத் தின்னலாமா? நகரத்து வடிகான் விழும் நீர் அது. இரவு வலையில் பட்ட மீன் காலையில் எங்கோ ஒரு தெருவோரத் தட்டில் ‘குளத்து மீன்’ என்று விற்பனைக்கு வரத்தான் செய்கிறது. பிடிக்காதே என்று சொல்லும் பலகை, பிடித்ததைத் தின்றால் என்ன ஆகும் என்று சொல்வதில்லை. செத்த மீனை அன்று மதியத்துக்குள் அள்ளிப் புதைத்துவிட்டார்கள். ஒரு போத்தல் தண்ணீராவது சோதனைக்குப் போனதா என்று கேட்டேன். அந்தக் கேள்வியிலிருந்துதான் கடிதங்கள் தொடங்கின.

கடிதங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சாதாரண ஆளுக்குக் கிடைத்த நல்ல ஆயுதம். தகவல் தர முடியுமா முடியாதா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை.

வாவியோடு சம்பந்தப்பட்ட அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதினேன். ஓரிடத்திலிருந்து பதில் சிங்களத்தில் வந்தது. நண்பர் ஒருவர் வாசித்துச் சொன்னார். அதற்குத் தனியே ஒரு முறைப்பாடு எழுதலாம், ஆனால் மீனை விட்டுவிட்டு மொழிப் பிரச்சினையில் இறங்கினால் வாழ்நாள் போதாது.

பதில்களின் சாரம் இது. நீர்மட்டமும் வான்கதவும் எங்கள் பொறுப்பு, மீன் எங்கள் விடயம் அல்ல என்றது ஒரு தரப்பு. கரையும் நடைபாதையும் எங்களுடையவை, நீருக்குள் இருப்பது வேறு நிறுவனத்துடையது என்றது இன்னொரு தரப்பு. பலகையை விதித்தது யார் என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலைத்தான் நான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைக்க வேண்டும்: நடைபாதை ஒப்பந்தத்தின் வேலைப்பட்டியலில் ‘அறிவித்தல் பலகைகள்’ என்று ஓர் இனம் இருந்ததாம், ஒப்பந்தக்காரர் நட்டாராம். தண்ணீர் மாதிரி எடுத்ததற்குப் பதிவு இல்லை. மீன்குஞ்சு விட அனுமதி கொடுத்த கடிதம் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் தங்கள் எல்லையைச் சரியாகவே சொன்னார்கள். அந்த எல்லைகளுக்கு நடுவில் மீன் விழுந்துபோயிருக்கிறது.

இதற்கு ஒரு பழைய நிழலும் உண்டு. 1990இல் அன்றைய அரசாங்கம், பௌத்த மத உணர்வை முன்வைத்து, உள்நாட்டு மீன்பிடிக்கு அரச ஆதரவை நிறுத்தியது. 1994இல்தான் அது திரும்பியது. இடையில் அரச குஞ்சுப் பொரிப்பகங்கள் கைமாறின, குளங்களில் கண்காணிப்புத் தளர்ந்தது, சிறுகண் வலை புகுந்தது. இன்றும் நகரத்து வாவியில் மீன்பிடியை ஒழுங்குபடுத்துகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல அலுவலகங்கள் கூசுவதற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம் என்பது என் ஊகம். விகாரைப் பக்கக் கரையில் மக்கள் மீனுக்குப் பாண் போடுகிறார்கள். அங்கே நின்று தூண்டில் போடுவது பண்பல்ல, நானும் போடமாட்டேன். ஆனால் அந்தக் கரைக்குத் தடை என்று எழுதுவதும் முழு வாவிக்கும் தடை என்று எழுதிவிட்டு இரவு வலைக்குக் கண்ணை மூடுவதும் ஒன்றல்ல.

எங்கள் பக்கம்

தூண்டில்காரர் எல்லோரும் உத்தமர் என்று சொல்லமாட்டேன். விரால் குஞ்சு பொரித்தால் தாயும் தந்தையும் அந்தச் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் கீழேயே காவல் நிற்கும். அதன் மேல் தூண்டிலில் பூட்டிய ரப்பர் தவளையை எறிந்தால் காவல் மீன் கோபத்தில் பாய்ந்து கவ்வும். பெரிய மீன், நல்ல படம். காவல் போன குஞ்சுகளைத் திலாப்பியா துப்புரவாகத் தின்றுவிடும். இதை வீரம் என்று நினைக்கும் இளைஞர்கள் எங்களோடு நிற்கிறார்கள். அறுந்த தங்கூசியைக் கரையிலேயே விட்டுப் போகிறவர்களும் உண்டு.

வீட்டுத் தொட்டியில் கண்ணாடி துடைக்க வாங்கிய ‘டேங்க் கிளீனர்’ பெரிதானதும் வாவியில் கொண்டுவந்து விடுகிறவர்கள் வேறு கூட்டம். கவச உடம்போடு வளரும் அந்த மீனை இங்கே தின்பார் குறைவு. எங்கள் தூண்டிலிலும் சில வேளை மாட்டும். எந்த அந்நிய மீன் எப்போது எங்கே தலைகாட்டியது என்று முதலில் அறிகிறவர்கள் நாங்கள்தான், ஆனால் அதைச் சொல்ல ஒரு தொலைபேசி எண் இல்லை. 2025இல் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் அந்நிய இராட்சத விரால் பெருகியபோது அதைப் பிடிக்கத் தூண்டில் போட்டி வைத்து ஆள் சேர்த்தார்கள். தேவை வந்தால் தூண்டில்காரன் உதவியாளன், மற்ற நாளில் குற்றவாளி.

கேட்டிருப்பது

தடையை எடுத்துவிட்டு வாவியைத் திறந்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கட்டணம் கட்டி வாங்கும் அனுமதிச்சீட்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். நுவரெலியாப் பக்கத்து ட்ரவுட் ஓடைகளில் பிரித்தானியர் காலத்திலிருந்தே அனுமதி பெற்றுத் தூண்டில் போடும் பழக்கம் உண்டு, ஆகவே நாட்டுக்குப் புதிதல்ல. சீட்டு வைத்திருப்பவர் ஒரு தடி மட்டும் போடலாம். விகாரைக் கரையும் பிள்ளைகள் விளையாடும் பகுதியும் விலக்கு. குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடக்கூடாது. ஒவ்வொரு முறையும் எத்தனை மணித்தியாலம் நின்றார், என்ன மீன், எவ்வளவு நீளம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த வருடம் சீட்டு இல்லை.

இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். மணித்தியாலத்துக்கு எத்தனை மீன் படுகிறது என்ற கணக்கு வருடத்துக்கு வருடம் எப்படிப் போகிறது என்று பார்த்தால், படகும் ஆய்வுகூடமும் இல்லாமலே மீன் கூடுகிறதா குறைகிறதா என்று ஓரளவு தெரியும். சராசரி நீளம் இறங்கிக்கொண்டே போனால் ஒன்று வலை பெரியதை எல்லாம் அள்ளுகிறது, அல்லது திலாப்பியா நெருக்கடியில் குள்ளமாகவே முட்டைக்கு வருகிறது. விட்ட கட்லா ஒன்றும் எந்தத் தூண்டிலிலும் படாவிட்டால் விழாவில் விட்டதற்கு என்ன ஆனது என்றும் தெரிந்துவிடும். ஒரு சதமும் செலவில்லாத கணக்கெடுப்பு. அதிகாலையிலும் அந்தியிலும் கரையில் சீட்டோடு நிற்கிறவர்கள் வலைக்கும் ஒரு காவல்தான்.

இதுவரைக்கும் வந்த நிலை: கோரிக்கை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு ‘அவசியமான நடவடிக்கைக்காக’ அனுப்பப்பட்டிருக்கிறது. தகவல் கோரிக்கையில் பதில் வராத பகுதிக்கு மேன்முறையீடு போட்டாயிற்று. பலகைக்குப் புதுப் பூச்சு அடித்திருக்கிறார்கள், சட்ட இலக்கம் இப்போதும் இல்லை.

அந்த நற்பணி அமைப்பு இந்த வருடமும் குஞ்சு விடப்போகிறது. அவர்களோடு பேச முடிந்தது, அது ஒரு முன்னேற்றம். திலாப்பியா வேண்டாம், கட்லாவும் ரோகுவும் கொஞ்சம் வளர்ந்த அளவில் வாங்குங்கள், காலை ஆறு மணிக்கு விடுங்கள், பையை மிதக்கவிட்டுத் திறவுங்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். இனத்துக்கும் அளவுக்கும் சம்மதித்தார்கள். பிரதம அதிதி பத்து மணிக்கு முன் வர முடியாதாம். அப்படியானால் அவர் வரும்வரை பைகளை நிழலில் வையுங்கள் என்று திருப்பி எழுதியிருக்கிறோம்.